பிள்ளைக்காரிக்குத் தைரியம் சொல்வது எப்படி?

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போக ஏற்ற நேரம், குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்த நேரம். பிள்ளைக்காரி தூளியிலிருந்து கையை மெல்ல எடுத்து, மூச்சை அடக்கி, கொலுசு சத்தம் கேட்காமல் நாலு எட்டு வைத்திருப்பாள். அந்த நேரம் பார்த்துக் கேட்டின் தாழ்ப்பாளை ஆட்டுங்கள். "வீட்ல யாரும் இல்லையா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேளுங்கள். குழந்தை எழுந்து அலறும். "அடடே, முழிச்சுத்தான் இருக்கானா!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் உட்காருங்கள். ஃபேனுக்கு நேர் கீழே கிடக்கும் நாற்காலிதான் தைரியம் சொல்ல வந்தவருக்கு உரியது.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நானும் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன். அவர்கள் வளர்ந்த காலத்தில் நான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம். ஓய்வு பெற்ற பிறகு, சொந்தத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன். திண்டுக்கல்லில் பேகம்பூரிலிருந்து நாகல் நகர் வரைக்கும் பிள்ளை பெற்ற வீடுகளில் என் செருப்பு கிடக்காத வாசல் குறைவு. இத்தனை அனுபவமும் என்னோடு போய்விடக் கூடாது என்றுதான் இந்த வழிகாட்டி.

என்ன வாங்கிப் போவது என்பது பலருக்குக் குழப்பம். பழம் வேண்டாம், அதை அவள் சாப்பிட்டுவிடக்கூடும். பிரியாணி வாங்கிப் போகலாம். வாசனை வீடு முழுக்கப் பரவிய பிறகு, "பிள்ளை பெத்தவளுக்கு இது ஆகாதுல்ல?" என்று நீங்களே நினைவுபடுத்தி, நீங்களே சாப்பிட்டுவிட்டு வரலாம். சீரகச் சம்பா அரிசி என்பதால் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது. (திண்டுக்கல்லைப் பற்றி எழுதினால் இரண்டாம் பக்கம் திருப்புவதற்குள் பிரியாணியும் பூட்டும் வந்துவிட வேண்டும் என்று பத்திரிகைக்காரர்கள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். பிரியாணி ஆயிற்று. பூட்டு பின்னால் வருகிறது.)

உட்கார்ந்ததும் குழந்தையைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "என்னத்தா இது, பிள்ளை இம்புட்டு இளைச்சுக் கெடக்கு?" குழந்தை எந்த எடையில் இருந்தாலும் இது பொருந்தும். பிறந்த குழந்தை முதல் சில நாளில் கொஞ்சம் எடை குறைவதும், இரண்டு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பிடிப்பதும், ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்கு ஆவதும் இயல்பு. அங்கன்வாடியில் எடை பார்த்து அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறார்கள். அந்த அட்டை பிள்ளைக்காரியிடம் இருக்கும். தப்பித் தவறியும் அதை வாங்கிப் பார்த்துவிடாதீர்கள். கோடு மேலே ஏறிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நமக்குக் கண்ணளவு போதும். தேங்காய்க் கடையில் அப்படித்தானே வாங்குகிறோம்?

அடுத்தது அழுகை. குழந்தை அழுதால் காரணம் சொல்வது வந்தவரின் கடமை. செவ்வாப்பு, மாந்தம், உரம், கண்ணேறு, தாய்ப்பால் பத்தாதது, தாய் நேற்று ராத்திரி தின்ற கத்தரிக்காய் என்று ஆறு காரணம் எப்போதும் கைவசம் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் சொன்னால் இன்னும் நல்லது. என் தம்பி மகள் வீட்டில் ஒரு மாலையில் நாங்கள் ஐந்து பேர் ஐந்து காரணம் சொன்னோம். ஆறாவதைக் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் சொன்னார்.

வசம்பு உரசி நாக்கில் தடவச் சொல்வது ஒரு கட்சி. வசம்பின் பெயரைச் சொல்லக் கூடாது, பிள்ளை வளர்ப்பான் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அதற்குள் ஒரு உட்கட்சி. கிரைப் வாட்டர் இன்னொரு கட்சி. அது நம் பாட்டி வைத்தியம் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1851இல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் கொண்டுவந்த சரக்கு அது. அந்தக் காலத்துச் சரக்கில் சாராயமும் கலந்திருந்தது. அன்றைய வெள்ளைக்காரக் குழந்தைகள் எப்படி அவ்வளவு சமர்த்தாகத் தூங்கின என்பதற்கு நான் வேறு விளக்கம் தேடவில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் கொண்டு நாள்தோறும் குறிக்கச் செய்து 1962இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆறாவது வாரத்தில் அழுகை உச்சத்துக்குப் போகிறது, நல்ல ஆரோக்கியமான குழந்தையே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2¾ மணி நேரம் அழுகிறது, அதற்குப் பிறகு தானாகக் குறைகிறது என்பது அவர் கண்டது. இரண்டு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு விழி பிதுங்கி நிற்பவளிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? "அப்ப எம்மேல தப்பில்லையா?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாக மூச்சு விடுவாள். வந்த காரியம் கெட்டுவிடும். கத்தரிக்காயிலேயே நில்லுங்கள்.

குழந்தை கொஞ்சம் வளர்ந்து பிடிவாதம் பிடிக்கும் வயது வந்துவிட்டால், "யாரு சேனை வச்சது?" என்று கேளுங்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணி தொட்டு வைத்தவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. இந்தக் கேள்வியின் அருமை, ஒரே அம்பில் ஒரு சம்பந்தி வீடு முழுவதும் விழும் என்பதில் இருக்கிறது. சேனை வைத்தது மாமியார் என்றால் மருமகள் தலையைக் குனிந்து சிரிப்பாள், தாய்மாமன் என்றால் மாமியார் சிரிப்பார். ஒரு வீட்டில் நானே கேட்டு, "நீங்கதான் பெரியப்பா" என்று பதில் வந்தது. அன்று காபி குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

ஒப்பிடுவதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. "எதிர்வீட்டுப் பிள்ளை பத்து மாசத்துல நடந்துருச்சு" என்று சொன்னால் போதும். குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்குவது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்டது. எதிர்வீட்டில் அதைப் படித்திருக்க மாட்டார்கள், பயப்பட வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். மூன்று வயதுப் பிள்ளை, ஒரு கிண்ணம் ரசஞ்சோறு, ஒரு மணி நேரம், கையில் செல்போன். "நாங்கல்லாம் செல்லைக் காட்டியா ஊட்டுனோம்? மலைக்கோட்டையைக் காட்டி ஊட்டுனோம்" என்று ஆரம்பியுங்கள். உண்மைதான், எங்கள் ஊரில் எந்த மொட்டை மாடியிலிருந்து பார்த்தாலும் அந்த ஒற்றைக் கல் தெரியும். நாயக்கர்கள் கோட்டை கட்டினார்கள், 1755இல் ஹைதர் அலி வந்து அங்கே படையைப் பெருக்கினார், 1790இல் திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். அத்தனை முற்றுகையும் ஒரு முடிவுக்கு வந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்ட பிள்ளைக்கும் ஒரு கவளத்துக்கும் நடக்கிற முற்றுகைக்குத்தான் ஒப்பந்தம் இன்னும் எழுதப்படவில்லை. இன்று என் தம்பி மகளின் மாடி வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிவது அடுத்த வீட்டுத் தண்ணித் தொட்டி. அதைக் காட்டி ஒரு வாய் ஊட்டிப் பார்த்தேன், துப்பிவிட்டான். இந்த விவரத்தை நீங்கள் பேச்சில் சேர்க்க வேண்டியதில்லை.

தகப்பன்மாரையும் விட்டுவிடக் கூடாது. குழந்தையைத் தூக்கி வைத்திருந்தால், "மாப்ளே, பரவாயில்லையே, பிள்ளையெல்லாம் தூக்குறீங்க!" என்று மனைவி காதில் விழும்படி பாராட்டுங்கள். நாள் முழுக்கத் தூக்கியவளுக்கு இந்த வாக்கியம் சொல்லப்படாது. அவ்வளவுதான், இதில் விளக்க ஒன்றுமில்லை.

இனி பிரம்மாஸ்திரம். இதுவரை சொன்னதெல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

"ஏன், நாங்கல்லாம் வளர்க்கலையா?"

சொல்லும் முறை முக்கியம். முதல் சொல்லை நீட்ட வேண்டும். 'நாங்கல்லாம்' என்னும்போது நெஞ்சில் கை வைக்க வேண்டும். எத்தனை பிள்ளை என்ற எண்ணிக்கையைச் சேர்த்தால் வீரியம் கூடும். எங்கள் அப்பத்தா ஏழு பெற்றவள், ஏழையும் சொல்வாள். அதில் தக்கியது நாலுதான் என்பது பேச்சுக்கு நடுவே வராது.

இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது ஞாபகத்தைக் கொஞ்சம் கட்டிப்போட வேண்டும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் மதுரையிலிருந்து பிரித்துத் திண்டுக்கல்லைத் தனி மாவட்டமாக்கிய வருடம் என் மூத்தவன் பிறந்தான். வீட்டில் என் அம்மா இருந்தார், அப்பத்தா இருந்தாள், கல்யாணம் ஆகாத இரண்டு சித்திகள் இருந்தார்கள், மதினி பக்கத்து வாசலில் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தெருப் பெண்பிள்ளைகள் வரிசையில் நின்று பிள்ளையை வாங்கிப் போவார்கள். காலையில் ஒரு இடுப்பில் ஏறியவன் அந்தி சாய்வதற்குள் ஏழெட்டு இடுப்பு மாறியிருப்பான். நான் ஷிப்ட் முடிந்து வரும்போது முகம் கழுவி, பவுடர் போட்டு, கன்னத்தில் மைப்பொட்டு வைத்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். அன்றைய தினத்தந்தியைப் போல ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அதைத்தான் 'வளர்த்தேன்' என்கிறேன்.

என் தம்பி மகளுக்கு அந்த ஏழெட்டு இடுப்பில் ஒன்றுகூடக் கிடையாது. நாகல் நகரில் மாடி வீடு. மூணு வயதில் பையன், ரெண்டு மாதத்தில் பெண். மாமியாருக்கு நத்தம் பக்கம் ஊரில் மாட்டை விட்டு வர முடியாது. என் தம்பி பெண்டாட்டி ஒரு மாதம் இருந்துவிட்டு, மகன் வீட்டிலும் பிரசவம் என்று திருப்பூர் போய்விட்டார். மருமகனுக்கு மில்லில் நைட் ஷிப்ட். பகலில் அவர் தூங்க வேண்டும், இரவில் குழந்தை தூங்காது, குழாயில் தண்ணி வருவதோ வீடே தூங்கும் நேரம் பார்த்து. இந்தக் கணக்கையெல்லாம் போடத் தெரிந்தவன்தான் நான், முப்பது வருடம் அதுதான் உத்தியோகம். ஆனால் தைரியம் சொல்லப் போகும்போது கணக்குப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

மில் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. எங்கள் மில்லிலும் அறை இருந்தது, வாசலில் பலகைகூட இருந்தது. உள்ளே காலிக் கோன் பெட்டிகளை அடுக்கியிருந்தோம். ஒரு நாள் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, "சார், இவளை எங்க சார் விட்டுட்டு வேலை பாக்குறது?" என்று என்னிடம் கேட்டாள். "தைரியமா இரும்மா" என்றேன். தைரியமாக வேலையை விட்டு நின்றுவிட்டாள். 2017இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தி, விடுப்பை 26 வாரமாக்கி, ஐம்பது பேர் வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று எழுதினார்கள். தைரியம் சொல்பவர்கள் இப்படிப்பட்ட பேச்சுக்குள் போகக் கூடாது. பெட்டிகளை யார் தூக்கி வெளியே வைப்பது?

சில படித்த பிள்ளைக்காரிகள் மடக்கப் பார்ப்பார்கள். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி 2024இல் பெற்றோரின் மன அழுத்தத்தைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்றே அறிக்கை விட்டார், அங்கே பெற்றோரில் 48 சதவீதம் பேர் பெரும்பாலான நாட்களில் தாங்க முடியாத அழுத்தம் என்கிறார்கள், மற்றவர்களில் அது 26தான் என்பார்கள். "அமெரிக்காக்காரனுக்கு அப்பத்தா ஏது?" என்று கேட்டு முடித்துவிடுங்கள். "எனக்கு மட்டும் எங்க பெரியப்பா இருக்கு?" என்று திருப்பிக் கேட்டால், தொண்டையைச் செருமிவிட்டுத் தண்ணி கேளுங்கள். அவள் எழுந்து போய்த்தான் கொண்டுவர வேண்டும்.

வின்னிகாட் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரையும் சிலர் இழுப்பார்கள். குறையே இல்லாத தாய் பிள்ளைக்குத் தேவையில்லை, போதுமான அளவுக்கு நல்லவளாக இருந்தால் போதும் என்று 1950களில் எழுதியவர். மனம் ரொம்பச் சோர்ந்தால் 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே கேட்பார்கள் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருப்பதையும் காட்டுவார்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் அழுகையும் வெறுமையும் வாரக்கணக்கில் நீடித்தால் அது திமிரோ சோம்பலோ அல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய் என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விளையாடவில்லை. இது வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து ஆட்டோ பிடியுங்கள்.

பூட்டு வரும் என்றேன் அல்லவா? எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருடனுக்குத் திறக்காது, கள்ளச் சாவி நுழையாது என்று அதன் பெருமை பேசாதவர் இல்லை. என் தம்பி மகள் வீட்டில் அதற்கு இன்னொரு பயன் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாலை நாலு மணிக்கு வெளிக் கேட்டில் ஒரு கையகல மாங்காய்ப் பூட்டைத் தொங்கவிட்டுவிட்டு, மருமகன் பின்பக்கப் படி வழியாக உள்ளே ஏறிக்கொள்கிறார். நான் இரண்டு முறை வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் போயிருப்பார்கள் என்று திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை உள்ளே குக்கர் விசில் அடித்தது.

அந்த வீட்டுக் கீழ் போர்ஷனில் ஒரு அம்மா இருக்கிறார். நிலக்கோட்டை மல்லிகை வாங்கி வந்து கட்டிக் கடைக்குப் போடுகிறவர். தைரியம் சொல்லும் தொழிலுக்கே இவரால் பெரிய கேடு. குழந்தை அழும் சத்தம் கேட்டால் படியேறி வருவார், ஏன் அழுகிறது என்று கேட்க மாட்டார். "குடு" என்பார். வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். கீழே உத்திரத்தில் பழைய சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையில் ஒரு தூளி கட்டி வைத்திருக்கிறார். துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிப்போன சேலை. அதில் போட்டு, கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, கையால் பூக்கட்டுவார். ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளை மேலே வரும், கூடவே ஒரு கிண்ணத்தில் ஏதாவது வெஞ்சனமும் வரும். இந்த இரண்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து ஒரு ஆறுதல் வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. ஒரு அறிவுரை கிடையாது, ஒரு ஒப்பீடு கிடையாது. இப்படியே போனால் நம்மை யார் மதிப்பார்கள்?

அவர் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்த நாளில்தான் அந்த விபத்து நடந்தது. பூட்டு இல்லை. நான் வழக்கம்போல் தாழ்ப்பாளை ஆட்டினேன். தம்பி மகள் கதவைத் திறந்தாள். முடி கலைந்து, தோளில் பால் கக்கிய கறையோடு நின்றாள். நான் இளைத்துக் கிடக்கும் பேச்சை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். கைக்குழந்தையை என் கையில் வைத்தாள். மூணு வயதானின் சட்டையைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். "பெரியப்பா, இப்ப வந்துர்றேன்" என்றாள். துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

குழந்தை என்னை ஒரு நிமிடம் பார்த்தது. பிறகு அழ ஆரம்பித்தது. நான் ஆறு காரணத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், ஒன்றிலும் அடுத்து என்ன செய்வது என்று இல்லை. தோளில் போட்டேன், மடியில் போட்டேன், நடந்தேன். ஃபேனுக்குக் கீழே நின்றேன். பெரியவன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, பாப்பாவை எங்க ஆன் பண்ணணும், எங்க ஆஃப் பண்ணணும்?" என்று கேட்டான். தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது எழுபது வயதை நெருங்கும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. வேர்த்துக் கொட்டியது. வெளித் திண்ணைப் பக்கம் காற்று வருமே என்று போய் நின்றேன்.

எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்தார். கைப்பிடிச் சுவரில் சாவகாசமாகக் கையை ஊன்றிக்கொண்டார்.

"என்னண்ணே, பிள்ளை இம்புட்டு அழுகுது? பசியா இருக்கும்."

"இப்பத்தான் குடிச்சுச்சாம்" என்றேன்.

"அப்ப உரம் விழுந்திருக்கும். தூக்கத் தெரியாம தூக்கிருப்பீக. எம்பேரன்லாம் இப்படி அழுததே இல்ல." ஒரு போர்வையை உதறி மடித்தார். "இதுக்குப் போய் ஏன் இப்படி வேர்த்து நிக்கிறீக? நாங்கல்லாம் வளர்க்கலையா?"

உள்ளே குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. சீயக்காய் மணம் வந்தது. தம்பி மகள் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொம்பு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இன்னொரு சொம்பு. அவசரமே இல்லை அவளுக்கு.